ஜப்பானுக்கு வாய்க்காத அமைச்சர்

1941 டிசம்பரில் போரில் இறங்கிய ஜப்பானில், நாட்டின் மொத்த உற்பத்தியையும் ஒரே மேசையில் பரப்பி வைத்து 'இது வேண்டும், இது வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கும் இருக்கவில்லை. தரைப்படை தன் விமானங்களைத் தானே சொல்லிச் செய்துகொண்டது, கடற்படையும் அப்படியே. போர்த்தளவாட அமைச்சகம் என்று ஒன்று பிறந்ததே 1943 நவம்பரில்தான். பிரதமர் தோஜோவே அதற்கும் அமைச்சராக இருந்தார். அப்போதும் இரு படைகளும் பிடியைத் தளர்த்தவில்லை. 1944 தொடக்கத்தில், இருக்கிற அலுமினியத்தில் யாருக்கு எவ்வளவு என்று இரண்டும் மோதிக்கொண்டன. 'வார் இன் தி பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்' என்ற கணினி ஆட்டம் இந்தக் குறையை முதல் நாளே தீர்த்துவைக்கிறது. ஜப்பான் பக்கம் உட்காருகிற ஆட்டக்காரர்தான் அந்த அமைச்சர். இரு படைகளும் மறுபேச்சின்றி அவர் சொல் கேட்கும். போதாததற்கு, அடுத்த நான்கு ஆண்டுகளில் என்ன நடக்கப்போகிறது என்பதும் அவருக்கு முன்பே தெரியும்.

கேரி கிரிக்ஸ்பியின் 'டூ பை த்ரீ' நிறுவனம் உருவாக்கி 2004-இல் வெளிவந்த ஆட்டம் இது; விரிவாக்கிய அட்மிரல்ஸ் பதிப்பு 2009-இல் வந்தது. ஒரு முறை ஆடினால் போரில் ஒரு நாள் கழியும். முழுப் போரையும் ஆடுபவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறைகள் ஆட வேண்டும். இருவர் மின்னஞ்சலில் கோப்பை மாற்றிக்கொண்டு வருடக்கணக்கில் ஆடுவது இந்த ஆட்டத்தின் உலகில் சர்வ சாதாரணம். நேச நாடுகளின் பக்கம் ஆடுபவருக்குத் தொழிற்சாலைத் தொல்லை கிடையாது. கப்பலும் விமானமும் குறித்த தேதியில் தாமே வந்து இறங்கும். ஜப்பான் பக்கமோ எண்ணெய்க் கிணறு, சுத்திகரிப்பு ஆலை, கனரகத் தொழில், எஞ்சின் ஆலை, விமான ஆலை, கப்பல் கட்டும் தளம் எல்லாம் ஆட்டக்காரரின் தலையில். இதற்கென்றே எக்செல் தாள்கள் போட்டு, எந்த மாதம் எந்த ஆலை எதைச் செய்ய வேண்டும் என்று 1945 வரைக்கும் எழுதி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. சண்டையைவிட இந்தத் திட்டமிடலே பிடித்துப்போய் ஜப்பானை விட்டு நகராதவர்களும் உண்டு.

அந்தத் திட்டமிடும் வழக்கத்தைத்தான் இங்கே எடைபோடப் பார்க்கிறேன். என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இதில் கப்பலும் எண்ணெயும் சேர்ந்த பாதி, போரைப் பற்றி வேறு எந்த ஆட்டமும் சொல்லாத உண்மையைச் சொல்கிறது. விமானப் பாதி பெரும்பாலும் ஆசைக் கணக்கு. ஆனால் ஆட்டக்காரர்கள் நேரத்தையும் பெருமையையும் கொட்டுவது அந்த இரண்டாவது பாதியில்.

முதலில் நல்ல பாதி. ஆட்டத்தில் கனரகத் தொழில் ஓட வேண்டுமானால் கச்சாப் பொருளும் எரிபொருளும் ஜப்பானின் ஊர்களுக்கு வந்து சேர வேண்டும். ஓடினால் ஒரு பக்கம் கனரகத் தொழில் புள்ளிகள் கிடைக்கும், இன்னொரு பக்கம் படைகளுக்கான பொதுப் பொருளாகிய 'சப்ளை' கிடைக்கும். எஞ்சின், விமானம், போர்க்கப்பல், சரக்குக் கப்பல், ஆயுதம், வாகனம் எல்லாமே அந்தப் புள்ளிகள் என்ற ஒரே பானையிலிருந்துதான் அள்ளுகின்றன. எரிபொருள் சுமத்ராவின் பலம்பாங்கிலும், போர்னியோவின் பாலிக்பாப்பான், தாராக்கான், மிரியிலும் இருக்கிறது. அதை எடுத்துவர எண்ணெய்க் கப்பல்கள் வேண்டும். அவற்றுக்குத் துணையாகப் போக நாசகாரிகள் வேண்டும். அந்த நாசகாரிகளும் எரிபொருளைக் குடிக்கும். ஒரு கப்பற்படையை ட்ரக் தீவுக்கு அனுப்பி ஒரு மாதம் சுற்றவிட்டால், ஒசாகாவின் ஆலைக்குப் போயிருக்க வேண்டிய எண்ணெய் புகைபோக்கியில் போய்விடும்.

இந்தக் கணக்கு உண்மைப் போருக்கு எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு 1944-இன் நிகழ்ச்சிகளே சாட்சி. ஜப்பானின் பெரிய போர்க்கப்பல்கள் அந்த ஆண்டின் பிற்பாதியில் தாய்நாட்டில் தங்காமல் சிங்கப்பூருக்குத் தெற்கே லிங்கா தீவுகளில் நங்கூரமிட்டுக் கிடந்தன. பலம்பாங் எண்ணெய் பக்கத்தில் இருந்ததுதான் காரணம். அவற்றுக்கான எண்ணெயை ஜப்பானுக்கு ஏற்றிச்செல்லப் போதுமான கப்பல்கள் மிச்சமில்லை. விமானந்தாங்கிகளோ புதிய விமானிகளுக்காக ஜப்பானின் உள்நாட்டுக் கடலிலேயே நிற்க வேண்டியிருந்தது. அக்டோபரில் லெய்ட்டே சண்டைக்கு இரண்டு பகுதிகளும் இரண்டு திசைகளிலிருந்து புறப்பட்டதில் இந்தப் பிரிவுக்கும் பங்கு உண்டு. கவனமாக ஆடும் ஜப்பான் ஆட்டக்காரர், வரலாற்றைப் படிக்காமலேயே இதே முடிவுக்கு வந்துசேர்கிறார்: போர்க்கப்பலை எண்ணெய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்து. ஒரு ஆட்டத்தின் விதிகள் சரியாக அமைந்திருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஜப்பானின் எஃகு ஆலைகள் பெரும்பாலும் நிலக்கரியில் ஓடியவை. கனரகத் தொழில் எண்ணெயில் ஓடுவதாக ஆட்டம் வைத்திருப்பது வரலாற்றின்படி பிழை என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பிழையை நீக்கிவிட்டால், அமெரிக்க நீர்மூழ்கி ஒரு எண்ணெய்க் கப்பலை மூழ்கடிப்பதற்கும் நகோயாவில் விமானம் குறைவதற்கும் இடையிலான இழை அறுந்துவிடும். உண்மையில் அந்த இழை நிலக்கரி, இரும்புத் தாது, பாக்சைட், உப்பு என்று பல புரிகளால் ஆனது. ஆட்டம் அத்தனையையும் 'கச்சாப் பொருள்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டு, எண்ணெயை மட்டும் தனியே பிரித்து வைத்திருக்கிறது. காரணம் தவறு, விளைவு சரி. வடிவமைப்பாளர் தெரிந்தே செய்த பேரம் என்று நினைக்கிறேன். நான் அதை ஏற்கிறேன்.

கப்பல் கட்டும் பட்டியல் இன்னும் நேர்மையானது. ஒவ்வொரு கப்பலுக்கும் மூன்று தெரிவுகள்: நிறுத்து, வழக்கம்போல் கட்டு, விரைவுபடுத்து. விரைவுபடுத்தினால் தளத்தின் கொள்ளளவை அது இரு மடங்கு விழுங்கும். அனுபவமுள்ள ஆட்டக்காரர் முதல் நாள் செய்யும் காரியம், பாதி கட்டிய முசாஷி போர்க்கப்பலையும் அதன் தங்கை ஷினானோவையும் என்ன செய்வது என்று யோசிப்பது. பலரும் ஷினானோவை நிறுத்திவிடுவார்கள். குறை சொல்ல முடியாது. 1944 நவம்பர் 19 அன்று கடற்படையில் சேர்ந்து, அதே மாதம் 29-ஆம் தேதி 'ஆர்ச்சர்ஃபிஷ்' நீர்மூழ்கியின் டார்பிடோக்களால் மூழ்கிய கப்பல் அது. பத்து நாள் வாழ்வு. முசாஷியின் கதை வேறு விதத்தில் வேதனையானது. நாகசாகியில் அதைக் கட்டும்போது யார் கண்ணிலும் படாதிருக்கத் தளத்தைச் சுற்றி நார்க்கயிற்றுத் திரைகள் தொங்கவிட்டார்கள். அதற்கு வாங்கிக் குவித்த கயிற்றால் அந்தப் பகுதி மீனவர்களுக்கு வலைக்குக் கயிறு கிடைக்காமல் போனது. ஆட்டத்தின் எந்தப் பட்டியலிலும் மீன்பிடி வலை கிடையாது. இருக்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை.

நிறுத்திய பெரிய கப்பல்களின் கொள்ளளவை ஆட்டக்காரர் உன்ரியூ வகை விமானந்தாங்கிகளுக்குத் திருப்புவார். இங்கே ஆட்டம் அவருக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கத் தொடங்குகிறது. உண்மைப் போரில் உன்ரியூவும் அமாகியும் 1944 ஆகஸ்டில், கட்சுராகி அக்டோபரில் முடிந்தன. கட்சுராகிக்கு உரிய டர்பைன்கள் கிடைக்காமல் நாசகாரிக்கான டர்பைன்களைப் பொருத்த வேண்டியிருந்தது. உன்ரியூ 1944 டிசம்பரில் மணிலாவுக்கு ஓகா தற்கொலை விமானங்களை ஏற்றிச்செல்லும் சரக்குக் கப்பலாகப் போய் மூழ்கியது. கட்சுராகிக்கு முழுமையான விமானப்பிரிவு அமையவே இல்லை. போர் முடிந்தபின் வெளிநாடுகளில் இருந்த ஜப்பானியரை வீட்டுக்குக் கொண்டுவரத்தான் அது அதிகம் பயன்பட்டது. கப்பல் உடம்பு ஒன்று, அதற்கு எஞ்சின் ஒன்று, விமானம் ஒன்று, விமானி ஒன்று என நான்கு தனித்தனிப் பற்றாக்குறைகள். ஆட்டத்தில் கப்பலின் உடம்புக்கும் எஞ்சினுக்கும் ஒரே கணக்கு. புள்ளிகளைக் கட்டினால் போதும், கப்பல் முழுமையாக வந்து நிற்கும்.

ஆனாலும் கப்பல் பாதியில் பொய்க்கு இடம் குறைவுதான். ஏனென்றால் எத்தனை கட்டினாலும் எதிர்ப்பக்கம் எசெக்ஸ் வகை விமானந்தாங்கிகள் வந்துகொண்டே இருக்கும். போர் முடிவதற்குள் அமெரிக்கக் கடற்படை அவற்றில் பதினேழைப் பணியில் சேர்த்தது. இவை போக இண்டிபெண்டன்ஸ் வகையில் ஒன்பது. நேசப் பக்கத்துக்கு உற்பத்தித் திரையே தராதது ஆட்டத்தின் சோம்பல் என்று சிலர் குறைப்படுவதுண்டு. எனக்கு அதுவே இந்த ஆட்டத்தின் கூர்மையான வரலாற்று வாதமாகப் படுகிறது. மிட்வே சண்டையில் என்ன நடந்திருந்தாலும் அமெரிக்காவின் நியூபோர்ட் நியூஸ் கப்பல் தளத்தில் கப்பல்கள் அதே வேகத்தில்தான் இறங்கியிருக்கும். ஜப்பானின் எந்த வெற்றியும் அந்த அட்டவணையைத் தொட முடியாது என்பதை ஆட்டம் விளக்கவுரை ஏதுமின்றி, ஒரு தெரிவை மறுப்பதன் மூலமே சொல்லிவிடுகிறது.

சரக்குக் கப்பல் பக்கம் பார்ப்போம். போரின் தொடக்கத்தில் ஜப்பானிடம் சுமார் 60 லட்சம் டன் வணிகக் கப்பல்கள் இருந்தன. 1944-இல் மட்டும் ஏறத்தாழ 17 லட்சம் டன் புதிதாகக் கட்டினார்கள். அந்த நெருக்கடியில் அது பெரிய சாதனை. ஆனால் அதே ஆண்டு இழந்தது அதைப்போல இரு மடங்குக்கும் மேல். அவசரத்தில் கட்டிய 'போர்க்காலத் தர' கப்பல்கள் மெதுவானவை, மெல்லிய தகடு கொண்டவை. துணைக்காவலுக்கென்று ஒரு தலைமையகம் ஏற்பட்டதே 1943 நவம்பரில். ஆட்டக்காரரோ முதல் வாரத்திலேயே சரக்குக் கப்பல்களைக் கூட்டமாகத் திரட்டி, காவலோடு, கரையை ஒட்டி அனுப்பத் தொடங்கிவிடுகிறார். அமெரிக்க டார்பிடோக்கள் பல 1943 வரை வெடிக்காமல் போனதும் அவருக்குத் தெரியும். அது ஆட்டத்திலும் இருக்கிறது, விரும்பினால் நீக்கிக்கொள்ளலாம். முன்னறிவு இங்கேயும் உதவுகிறது. ஆனால் உதவியின் பலன் சில மாதங்கள் தள்ளிப்போவதுதான். 1944-இன் இறுதியில் பிலிப்பைன்ஸ் கைமாறிவிட்டால் தென்சீனக் கடல் வழி அடைபடுவது அவர் ஆட்டத்திலும் நடக்கும். முன்னறிவால் தோல்வியைத் தள்ளிப்போட முடிந்தும் தவிர்க்க முடியாமல் போகிற இடத்தில்தான் இந்த ஆட்டம் உருப்படியான வரலாறாகிறது.

இனி விமானங்கள்.

இங்கே வழக்கம் என்னவென்றால், ஆராய்ச்சி ஆலைகள். ஆட்டத்தில் இன்னும் வராத விமான வகை ஒவ்வொன்றுக்கும் வரவேண்டிய மாதம் குறித்திருக்கும். அந்த வகைக்கென்று ஆராய்ச்சி ஆலையை ஒதுக்கினால், அது மெல்லச் சீராகி, சீரானபின் மாதந்தோறும் ஆராய்ச்சிப் புள்ளிகள் சேரும். போதிய புள்ளிகள் சேர்ந்தால் அந்தத் தேதி ஒரு மாதம் முன்னே வரும். ஆலையின் அளவில் ஒவ்வொரு புள்ளியையும் சீராக்க 1000 சப்ளை செலவு. 30 என்ற அளவில் பல ஆலைகளைப் பரப்பி வைப்பதுதான் சிறந்தது என்று ஆட்டக்காரர்களிடையே ஒரு சூத்திரமே உண்டு. இப்படிச் செய்தால் 1944 ஆகஸ்டில் சீனாவில் முதன்முதலாகச் சண்டையில் இறங்கிய கி-84 ஹயாத்தே சண்டை விமானத்தை 1943-இலேயே அணியில் நிறுத்தலாம். கடற்படையின் ஷிடென் கை இன்னும் முன்னே வரும். கடைசியில் சோதனை விமானங்களுக்கு மேல் போகாத ரெப்பூ, நான்கே செய்யப்பட்ட கி-83, போர் முடிய இரண்டு வாரம் இருக்கையில் முதன்முதலாகப் பறந்த ஷின்டென் எல்லாம் நூற்றுக்கணக்கில் வானத்தில் திரியும்.

இதில் ஆட்டக்காரரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. எந்த வகையிலிருந்து எந்த வகைக்கு ஆலை சேதமின்றி மாறும், எந்த இரு விமானங்களுக்கு ஒரே எஞ்சின், எத்தனை மாதம் முன்பே எதைத் தொடங்க வேண்டும் என்றெல்லாம் கோர்ப்பதற்கு நல்ல தலை வேண்டும். ஆனால் அந்தத் தலை எதைப் பற்றி யோசிக்கிறது? விதிப்புத்தகத்தைப் பற்றி. ஜப்பானின் விமானத் தொழிலைப் பற்றி அது யோசிக்க வேண்டிய தேவையே இல்லை.

எஞ்சின் விதியைப் பாருங்கள். ஒரு வகை எஞ்சின் 500-க்கு மேல் கிடங்கில் இருந்தால், அந்த எஞ்சினைப் பயன்படுத்தும் வகைகளின் ஆராய்ச்சிக்கு ஊக்கம் கூடும். எனவே ஆட்டக்காரர் ஹயாத்தேக்கு வேண்டிய ஹோமாரே எஞ்சின்களை ஓராண்டுக்கு முன்பே செய்து அடுக்குகிறார். விமானம் வருமுன் எஞ்சின் மலைபோல் கிடக்கிறது. உண்மையில் நடந்ததோ தலைகீழ். ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் டிபி 601 எஞ்சினைச் செய்யும் உரிமையைத் தரைப்படைக்காகக் கவாசாகியும், கடற்படைக்காக ஐச்சியும் தனித்தனியே பெற்றன. ஒரே எஞ்சின், இரண்டு பெயர், இரண்டு ஆலை. ஒன்றின் அனுபவம் மற்றொன்றுக்குப் போகவில்லை. இரண்டிலும் ஒரே தலைவலி: நீண்ட கிராங்க்தண்டும் தாங்கிகளும் ஜப்பானின் அன்றைய உலோகத் தரத்துக்குக் கைக்குள் அடங்கவில்லை. கவாசாகியின் இந்த எஞ்சினில் பறந்த ஹியென் சண்டை விமானத்தின் இரண்டாம் பதிப்புக்கான மேம்பட்ட எஞ்சின் அதைவிட மோசம். கவாசாகியின் ககாமிகஹாரா ஆலையில் எஞ்சின் இல்லாத ஹியென் உடல்கள் வரிசையாகக் காத்துக்கிடந்தன. 1945 ஜனவரியில் பி-29 விமானங்கள் ஆகாஷி எஞ்சின் ஆலையைத் தகர்த்த பிறகு அவற்றுக்கு எஞ்சின் வரும் நம்பிக்கையும் போனது. அவற்றில் 275 உடல்களுக்கு மிட்சுபிஷியின் ஆரச்சுற்று எஞ்சினைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள், அதுதான் கி-100. அவசரத்தில் செய்த ஒட்டுவேலை, ஜப்பான் கடைசியாகச் செய்த நல்ல சண்டை விமானமாக அமைந்தது. இந்தக் கதையின் ஒரு சாயலாவது ஆட்டத்தின் எஞ்சின் கிடங்கில் தெரிகிறதா என்றால், இல்லை.

ஹோமாரேயின் கதையும் இப்படித்தான். காகிதத்தில் அது சிறிய உடம்பில் பெரிய வலுக்கொண்ட அருமையான எஞ்சின். ஆனால் நல்ல பெட்ரோலும் நுட்பமான வேலைப்பாடும் கேட்டது. 1944-இல் ஜப்பானிடம் இரண்டும் இல்லை. தேர்ந்த தொழிலாளர்களைப் படைக்கு இழுத்துக்கொண்டு, ஆலைகளில் பள்ளி மாணவர்களை நிறுத்தியிருந்தார்கள். எஞ்சினின் எண்ணிக்கை ஏறியபோது அதன் தரம் இறங்கியது. ஆட்டத்தில் 1945-இல் வரும் ஹயாத்தேவும் 1943-இல் வரும் ஹயாத்தேவும் ஒன்றே. ஒவ்வொரு வகைக்கும் பராமரிப்புச் சிரமத்தைக் காட்ட ஒரு எண் உண்டுதான்; ஆனால் அது வகையின் குணம், ஆலையின் நிலை அதில் ஏறாது.

எண்ணிக்கையில் ஜப்பான் தோற்கவில்லை என்றுகூட ஒருவர் வாதாடலாம். 1941-இல் 5,088 விமானங்கள் செய்த நாடு 1944-இல் 28,180 செய்தது. அதே 1944-இல் அமெரிக்கா செய்தது 96,318 என்பது வேறு செய்தி. ஐந்து மடங்குக்கும் மேலான அந்த வளர்ச்சிக்கு நடுவில் ஒரு பழைய படமும் நினைவில் இருக்க வேண்டும்: மிட்சுபிஷியின் நகோயா ஆலைக்குப் பக்கத்தில் ஓடுதளம் இல்லாததால், ஜீரோ விமானங்களை மாட்டுவண்டியில் ஏற்றிச் சுமார் 48 கிலோமீட்டர் தள்ளியுள்ள ககாமிகஹாராவுக்குக் கொண்டுபோனார்கள். சாலை மோசம், லாரியில் போனால் விமானம் குலுங்கிச் சேதமாகும் என்பது காரணம். ஆட்டத்தில் ஆலையின் அளவை இரட்டிப்பாக்கினால் உற்பத்தி இரட்டிப்பாகும். மாடுகளை இரட்டிப்பாக்க வேண்டியதில்லை.

விமானத்தில் ஏறுகிறவர் யார் என்ற கேள்விக்கு வரும்போதுதான் விமானப் பாதியின் பெரிய ஓட்டை தெரிகிறது. கப்பல்கள் எரிபொருளைக் குடிக்கும் இந்த ஆட்டத்தில் விமானங்கள் எரிபொருளைத் தொடுவதில்லை. பொதுவான சப்ளையில்தான் பறக்கின்றன. அதனால் பயிற்சி ஏறத்தாழ இலவசம். ஆட்டக்காரர் பின்புறத்து ஊர்களில் விமானப்பிரிவுகளை நிறுத்தி, மாதக்கணக்கில் பயிற்சியில் வைத்து, விமானிகளின் திறன் மதிப்பெண்ணை 70-க்குக் கொண்டுவந்து பிறகு போருக்கு அனுப்புகிறார். 1944-இலும் அவரிடம் தேர்ந்த விமானிகள் இருப்பார்கள். ஜப்பானில் அந்த ஆண்டு பயிற்சி நேரம் வெட்டப்பட்டதற்கு முதல் காரணமே பெட்ரோல் இல்லாததுதான். ஜூன் 19 அன்று பிலிப்பைன் கடலில் ஒரே நாளில் முந்நூறுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் விழுந்தன என்றால், அவற்றின் வகை அவ்வளவு மோசம் என்பதால் மட்டும் அன்று. அன்று காலை டார்பிடோ பட்ட டாய்ஹோ, மூன்று மாதமே ஆன புதிய விமானந்தாங்கி. கசிந்த பெட்ரோல் ஆவி பரவியிருந்ததைக் கையாளத் தெரியாத பணியாளர்களால் அது பிற்பகலில் வெடித்தது. அருமையான கப்பல், நல்ல விமானம், ஆள் பழகவில்லை. ஆராய்ச்சி ஆலைகளில் சப்ளையைக் கொட்டுகிற ஆட்டக்காரருக்கு இந்த மூன்றாவது சிக்கல் வருவதே இல்லை.

கணக்கு வைப்பதிலும் ஒரு விநோதம் உண்டு. கனரகத் தொழில் புள்ளிகளைச் செலவழிக்காமல் சேர்த்து வைக்கலாம். 1942-43-இல் சிக்கனமாக இருந்து, எண்ணெய் நின்றுபோகும் 1945-க்கென்று பெருந்தொகை ஒதுக்கி வைப்பது நல்ல ஆட்டக்காரரின் அடையாளமாகக் கருதப்படுகிறது. எஃகைச் சேர்த்து வைக்கலாம். ஒரு ஆலை இன்று செய்யாத வேலையை மூன்று வருடம் கழித்துச் செய்யும்படி சேர்த்து வைக்க முடியாது. ஆனாலும் இந்த விதிக்கு நான் முழு எதிரி அல்ல. இது ஒரு நல்ல கட்டுப்பாட்டைக் கற்றுத்தருகிறது. இன்று ஆராய்ச்சிக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ஆயிரம் சப்ளையும் 1945-இல் ஏதோ ஒரு தீவில் பட்டினியாகத் திரும்பி வரும் என்று உணர்கிறவர்கள், கொஞ்ச காலத்தில் ஆராய்ச்சி ஆலைகளைக் குறைத்துக்கொள்கிறார்கள். புதியவர்கள் ஷின்டென் பின்னால் ஓடுவார்கள். பழையவர்கள் எண்ணெய்க் கப்பல்களை எண்ணுவார்கள்.

பலம்பாங் எண்ணெய் வயல் எவ்வளவு சேதத்தோடு கைக்கு வருகிறது என்பது ஆட்டத்தில் ஒரு பகடை. பிறகு 1000 சப்ளைக்கு ஒரு புள்ளி வீதம் சீராகும். உண்மையில் கிணறுகளைச் சீராக்க ஆட்கள் வேண்டியிருந்தார்கள். 1942 மே 8 அன்று 'கிரெனேடியர்' நீர்மூழ்கி டாய்யோ மாரு என்ற பயணிக் கப்பலை மூழ்கடித்தது. தென்கிழக்காசியாவின் எண்ணெய் வயல்களையும் ஆலைகளையும் நடத்தப் போய்க்கொண்டிருந்த நிபுணர்கள் அதில் பெருமளவில் இருந்தார்கள். எண்ணூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஆட்டத்தில் அது ஒரு சாதாரணக் கப்பலின் இழப்பு. தொழில் தெரிந்த ஆளுக்கு இந்தக் கணக்கில் மதிப்பில்லை.

தொழில் தெரியாத ஆளுக்கும் மதிப்பில்லை என்பதைத் தமிழ் வாசகர்கள் குறிப்பாகக் கவனிப்பார்கள். மலாயாவைப் பிடித்ததும் ஆட்டத்தில் அங்குள்ள கச்சாப் பொருள் மையங்கள் ஜப்பானின் கணக்கில் சேர்ந்து ஓடத் தொடங்கும். அந்த மையங்களில் ரப்பர்ப் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். சந்தை அறுந்து தோட்டங்கள் முடங்கியபோது அவர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் திரும்பாதவர்கள் மிகப் பலர். ஆட்டம் இதைக் காட்டவில்லை என்று குற்றம் சொல்வது எளிது, நியாயமும் ஆகாது. போர் ஆட்டம் எதுவும் அதைக் காட்டுவதில்லை. நான் சொல்வது சிறிய விஷயம். பிடித்த நாடு பிடித்த மாதத்திலேயே லாபம் தரத் தொடங்கிவிடும் என்ற எண்ணம் பொருளாதாரக் கணக்காகவே தப்பு. ஜப்பானியர் கையில் மலாயாவின் ரப்பரும் தகரமும் பெரும்பாலும் ஏற்றிச்செல்லக் கப்பலின்றித் தேங்கிக் கிடந்தன. மக்கள் அரிசிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு தின்றார்கள். ஆட்டத்தின் வரவு ஏட்டில் ஒரு பிடித்தம் போட்டிருந்தால் ஜப்பானின் கணக்கு இன்னும் நெருக்கமாக வந்திருக்கும்.

இவ்வளவு ஓட்டை சொன்னபிறகும் இந்த வழக்கத்தை நான் கைவிடச் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்த, எதிர்ப்பே இல்லாத, படைகளின் போட்டியற்ற ஓர் அமைச்சரை ஜப்பானுக்குக் கொடுத்துவிட்டு, அவராலும் 1945-ஐக் கடக்க முடியவில்லை என்று காட்டுகிற ஆட்டம் இது. வெற்றியைப் புள்ளிக் கணக்கில் அளப்பதால் ஜப்பான் பக்கம் 'வெல்வது' உண்டு. ஆனால் அந்த வெற்றிக்கு அர்த்தம், உண்மையைவிடக் கொஞ்சம் மெதுவாகத் தோற்றது என்பதே. 'ஷினானோவை நிறுத்தியிருந்தால்', 'ஹயாத்தே ஒரு வருடம் முன்னே வந்திருந்தால்' என்று வரலாற்று ஆர்வலர்கள் அடுக்குகிற 'இருந்தால்'கள் அத்தனையையும் இங்கே செய்து பார்க்கலாம். கடைசியில் எண்ணெய்க் கப்பல் தீர்ந்த மாதத்தில் எல்லாம் ஒன்றாக நின்றுபோவதைப் பார்க்கலாம். புத்தகம் படித்து ஒப்புக்கொள்ளாதவரைக்கூட இது ஒப்புக்கொள்ள வைக்கும்.

ஆகவே ஜப்பான் பக்கம் புதிதாக உட்காருகிறவர்களுக்கு இரண்டு யோசனைகள். தொடங்குமுன் எதிராளியோடு பேசி, எந்தப் பிரிவுக்கு எந்த விமானம் என்பதை ஆட்டக்காரரே மாற்றிக்கொள்ளும் தெரிவை அணைத்துவிடுங்கள். ஆராய்ச்சி ஆலைகளுக்கும் ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். விமான அணி வரலாற்றை ஒட்டி வரும். மிச்சமாகும் சப்ளையில் தீவுகளில் இருப்பவர்களுக்குச் சோறு போடலாம். இரண்டாவது, 1944 நடுவில், விமானந்தாங்கிகள் போனதும் மனம் வெறுத்து ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலோர் அங்கேதான் எழுந்து போகிறார்கள். நீங்கள் 1942-இல் போட்ட திட்டம் நல்லதா கெட்டதா என்பது அதற்குப் பிறகுதான் தெரியவரும்.